மழை பெய்தால் நான்கு எரர் கோடு, வெயில் வந்தால் சரி: கண்ட்ரோலரை மாற்றலாமா?

கேள்வி இதுதான். 20 டன் எக்ஸ்கவேட்டர் மிஷின், கல் குவாரியில் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் கீ போட்டதும் மானிட்டரில் வரிசையாக நான்கு எரர் கோடு (கோளாறு எண்) வருகிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆர்பிஎம் முழுசாக ஏறவில்லை. பூம் (பெரிய கை) தூக்கவே சோம்பல் படுகிறது. வெயில் ஏறிப் பதினொரு மணி ஆனால் தானாகவே சரியாகிவிடுகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் "கண்ட்ரோலர் போச்சு, மாத்திடலாம்" என்கிறார் (சென்சார் சொல்வதைக் கேட்டு இன்ஜினையும் பம்ப்பையும் நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிதான் கண்ட்ரோலர்). மாற்றலாமா?

வேண்டாம். மீட்டரோடு இரண்டு மணி நேரம் உட்காராமல் அந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே சால்டர் விட்டுப்போன கண்ட்ரோலரும் சில நேரம் வந்து போகும் கோளாறு காட்டும், அது உண்மை. ஆனால் அந்த மாதிரிப் பெட்டி பெரும்பாலும் சூடான பிறகுதான் மக்கர் பண்ணும். உங்கள் மிஷின் தலைகீழாக நடக்கிறது: ஈரத்தில் கெடுகிறது, காய்ந்தால் தேறுகிறது. அப்படியானால் எங்கோ ஒரு கப்ளருக்குள், அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சொருகிக்குள், தண்ணீர் நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குவாரிகளில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலைதான் செய்கிறேன். "கண்ட்ரோலர் அவுட்" என்று சொல்லி என்னிடம் வந்த மிஷின்களில் நிஜமாகவே கண்ட்ரோலர் போனது எவை என்றால் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில் கோடு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கண்ட்ரோலருக்கு சென்சாரைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் பின்னில் வந்து சேரும் வோல்டேஜ் மட்டும்தான். மூன்று வயர் பிரஷர் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயரில் கண்ட்ரோலர் 5 வோல்ட் அனுப்புகிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் சிக்னல் திரும்பி வருகிறது. பெரும்பாலான சென்சார்களில் பிரஷர் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட். 500 பார் ரகம் என்றால் 2.5 வோல்ட் வரும்போது பிரஷர் 250 பார். இந்த 0.5க்கும் 4.5க்கும் வெளியே வோல்டேஜ் நன்றாகத் தாண்டிப் போனால், "இது பிரஷர் இல்லை, லைனில் ஏதோ கோளாறு" என்று கண்ட்ரோலர் முடிவுகட்டிக் கோடு போடுகிறது. சென்சார் கெட்டாலும் அதே கோடு. வயர் அறுந்தாலும் அதே கோடு. கப்ளரில் தண்ணீர் போனாலும் அதேதான். ஆகவே மானிட்டரில் "பம்ப் பிரஷர் சென்சார்" என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம், அந்த சர்க்யூட்டில் எங்கோ பழுது என்பதுதான். உடனே சென்சார் வாங்கக் கடைக்கு ஓடுவது நம் ஊர்ப் பழக்கம்.

உங்கள் பூம் ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. சிக்னலை நம்ப முடியாதபோது கண்ட்ரோலர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். ஆர்பிஎம்மையும் பம்ப் ஓட்டத்தையும் குறைத்துவிடும். பம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து ஒருவர் வந்து "பம்ப் ஓவராயில் பண்ணணும்" என்பார்.

கோடில் எல்லோரும் முதல் எண்ணைப் பார்ப்பார்கள். நான் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைய மிஷின்களில் நிறைய ஜே1939 என்ற பொது முறையில் கோடு தருகின்றன. அதில் முன்னால் வருவது எஸ்பிஎன், எந்த சர்க்யூட் என்று சொல்லும்: 100 இன்ஜின் ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 157 காமன் ரெயில் பிரஷர். பின்னால் வருவது எஃப்எம்ஐ, என்ன விதமான கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு. 5 என்றால் கரன்ட் போகவில்லை, அதாவது லைன் கட். 6 என்றால் கரன்ட் அளவுக்கு மேல் போகிறது, எர்த்தில் ஷார்ட். இந்த நான்கும் வயரிங் ஆள் பார்க்க வேண்டியவை. 2 வந்தால் ரீடிங் நிலையில்லாமல் குதிக்கிறது என்று பொருள், லூஸ் காண்டாக்டைத் தேடுங்கள். 7 வந்தால் மின்சாரம் சரி, மெக்கானிக்கல் பக்கம் அசையவில்லை. 0, 1 இரண்டும் வேறு ஜாதி: சென்சார் நல்லபடியாக இருக்கிறது, அது சொல்லும் அளவுதான் நிஜமாகவே எல்லை தாண்டிவிட்டது.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு இன்ஜினே போனதைப் பார்த்திருக்கிறேன். 100-4 என்றால் ஆயில் பிரஷர் சென்சார் லைனில் வோல்டேஜ் குறைவு. 100-1 என்றால் ஆயில் பிரஷரே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்த வேண்டும். அந்த ஓனருக்கு முந்தின மாதம் 100-4 வந்தது, சென்சார் மாற்றினார், சரியானது. அடுத்த மாதம் 100-1 வந்ததும், "அதே கோடுதான், சாயங்காலம் பாத்துக்கலாம், ஓட்டு" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் பேரிங் பிடித்துவிட்டது.

எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை, ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். நம் ஊரில் எந்த கம்பெனி மிஷினையும் ஹிட்டாச்சி என்றுதான் சொல்கிறோம். நிஜ ஹிட்டாச்சியின் ஜாக்சிஸ் மிஷின்களில் 11101-3, 11101-4 என்று வரும். ஆர்பிஎம் கூட்டிக் குறைக்கும் டயலின் சர்க்யூட் அது, கடைசியில் அதே 3, 4. கொமட்சுவில் எழுத்தில் முடியும்: கேஏ என்றால் லைன் கட், கேபி என்றால் ஷார்ட், கேஒய் என்றால் வேறு எங்கிருந்தோ கரன்ட் ஏறி வருகிறது. கொமட்சு இன்ஜின் கோடுகள் சிஏ என்று ஆரம்பிக்கும். அதில் பின்னால் வரும் எண்கள் பலவும் கம்மின்ஸ் இன்ஜின் கோடுகளேதான்.

சரி, உங்கள் நான்கு கோடுக்கு வருவோம். ஒரே காலையில் நான்கு சென்சார் சேர்ந்து சாகாது. நான்குக்கும் பொதுவாக ஏதோ ஒன்று போயிருக்கிறது. பொதுவாக இருப்பவை இரண்டு: 5 வோல்ட் சப்ளை, எர்த். கண்ட்ரோலர் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக 5 வோல்ட் தருவதில்லை. உள்ளே இரண்டோ மூன்றோ சப்ளை இருக்கும், ஒவ்வொன்றிலும் நாலைந்து சென்சார் தொங்கும். ஒரு வீட்டில் சுவிட்ச் ஷார்ட் ஆனால் அந்த பியூஸில் இருக்கும் எல்லா லைட்டும் போகிற மாதிரி, ஒரு சென்சாரோ கப்ளரோ ஷார்ட் ஆனால் கூட்டாளிகள் அனைவரும் விழுந்துவிடுவார்கள். சில கோடுகள் இதை நேராகவே சொல்லிவிடும். ஜாக்சிஸில் 11003-3 வந்தால் சென்சார் வோல்டேஜே சரியில்லை என்று அர்த்தம். கொமட்சுவில் சிஏ352, சிஏ187 இரண்டும் சென்சார் சப்ளை குறைந்துவிட்டது என்பதற்கான கோடுகள். உங்கள் நான்கில் இந்த மாதிரி ஒன்று இருந்தால் மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள். அவை எடுபிடிகள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கோளாறு உயிரோடு இருக்கும் காலை நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பக்கெட்டைத் தரையில் ஊன்றி, லாக் லீவரைப் போட்டுவிடுங்கள். எந்தக் கோடையும் அழிப்பதற்கு முன் மானிட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். இப்போது நடப்பில் இருக்கும் கோடு எது, பழைய பதிவு எது, எத்தனை ஹவரில் எத்தனை தடவை வந்தது என்பதெல்லாம் பல மிஷின்களில் இருக்கும். வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு "திரும்ப வருதா பாக்கலாம்" என்கிறவர், வீட்டில் திருடு போனதும் தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுகிற ஆள்.

முதலில் பேட்டரி. இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து, ஓய்வில் 25 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18க்குக் கீழே விழுந்தால் அதுவே ஒரு டஜன் கோடு போட்டுவிடும். இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை இருந்தால் டைனமோ சரி. அதே இடத்தில் மீட்டரை ஏசிக்குத் திருப்பிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவில் டயோடு போயிருக்கிறது. அந்த இரைச்சலே சில சென்சார்களைக் குழப்பிவிடும்.

அப்புறம் 5 வோல்ட். கோடு வந்த சென்சார்களில் கைக்கு எட்டும் ஒன்றின் கப்ளரைக் கழற்றுங்கள். கீ ஆன், இன்ஜின் ஆஃப். வயரிங் பக்கத்துக் கப்ளரில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே 5 வோல்ட் வந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. 1 வோல்ட், 2 வோல்ட் என்று இளைத்துப்போய் வந்தால் திருடன் அதே கூட்டத்தில் இருக்கிறான். மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் அந்தக் கூட்டத்தின் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி மேலே வருகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையென்றால், ஷார்ட் வயரிங்கில் இருக்கிறது. கண்ட்ரோலர் கப்ளரிலிருந்து அந்த 5 வோல்ட் பின்னை விடுவித்துப் பார்த்து, அப்போதும் பெட்டியே 5 தரவில்லையென்றால்தான் கண்ட்ரோலரைச் சந்தேகிக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. அதுவும் கண்ட்ரோலருக்கு வரும் 24 வோல்ட்டையும் எர்த்தையும் பார்த்த பிறகு.

போன ஐப்பசியில் உங்கள் கதை மாதிரியே ஒன்று. கிரஷரில் ஓடும் மிஷின், மூன்று கோடு, காலையில் மட்டும். 5 வோல்ட் இடத்தில் 1.3 வந்தது. மேலே இருந்த இரண்டு பம்ப் சென்சாரையும் கழற்றினோம், அசையவில்லை. கேபினுக்கு அடியில் இருக்கும் பைலட் பிரஷர் சென்சார் கப்ளரை இழுத்ததும், மேலே இருந்த பையன் "அஞ்சு வந்துடுச்சுண்ணே" என்று கத்தினான். கப்ளரைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு, பின்களுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர். பின்னால் வயர் நுழையும் இடத்தில் இருக்கும் குட்டி ரப்பர் சீல் ஒன்று இல்லை. முன்பு யாரோ டெஸ்ட் லாம்ப் ஊசியை அதில் குத்தியிருக்கிறார்கள், சீல் கிழிந்துவிட்டது. சென்சாருக்கு ஒன்றுமில்லை. பின் மாற்றிப் புது சீல் போட்டோம், முடிந்தது. மூன்று சென்சாருக்கு அவர்கள் முன்பணம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், வயரின் மேல்தோலைக் குத்தி வோல்டேஜ் பார்க்காதீர்கள். இன்று குத்திய ஓட்டை அடுத்த மழைக்கு வாசல். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய கம்பியைச் சீலோடு ஒட்டி நுழைத்துப் பார்க்கலாம். முன்பக்கம் மீட்டரின் தடித்த முனையைத் திணித்தால் பெண் பின் விரிந்துவிடும், அப்புறம் அதுவே புது லூஸ் காண்டாக்ட். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைச் சென்சார் வயர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அது இழுக்கும் கரன்ட்டைக் கண்ட்ரோலர் தாங்காது.

5 வோல்ட் சரியாக இருந்தால் எர்த்தைப் பாருங்கள். எர்த்தை ஓம்ஸில் பார்ப்பது வீண். இன்ஜின் ஓடும்போது எல்லா லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் கண்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் நடுவே டிசி வோல்ட்டில் மீட்டர் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.2ஐத் தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த மிஷின் என்றால் நான் நேராக எர்த் போல்ட்டுக்குத்தான் போவேன். புதுப் பெயின்ட் மேலேயே வயர் முனை லக்கை வைத்து முறுக்கியிருப்பார்கள். பளபளவென்று அழகாக இருக்கும், கரன்ட் போகாது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும்.

ஓம்ஸ் வீண் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். பம்ப் சோலினாய்டு (கரன்ட் கொடுத்தால் ஆயில் வால்வை அசைக்கும் காயில்) லைன் கட் என்று கோடு. கண்ட்ரோலரிலிருந்து சோலினாய்டு வரை வயரை மீட்டரின் பீப் வைத்துப் பார்த்தேன், கத்தியது. காயில் ஓம்ஸும் சரி. வயரும் நல்லது, காயிலும் நல்லது, அப்படியானால் கண்ட்ரோலர்தான் என்று தெரிந்தவரிடம் இன்னொரு பெட்டியை இரவல் வாங்கி மாட்டினேன். அதே கோடு. அவமானமாகப் போய்விட்டது. ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, பிரித்துக்கொண்டே போனால், ஸ்விங் மோட்டார் பக்கம் கிளாம்ப்பில் உரசி, வயரின் உள்ளே ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம். மீட்டர் அனுப்பும் துளிக் கரன்ட்டுக்கு அந்த ஒரு இழை போதும், பீப் அடிக்கும். சோலினாய்டுக்கு வேண்டிய கரன்ட் அதில் போகாது. அன்றிலிருந்து சோலினாய்டு வயரை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து அந்த வயர் வழியாக 24 வோல்ட் 21 வாட் பல்பு எரிய வைத்துப் பார்க்கிறேன். ஏறத்தாழ 0.9 ஆம்பியர் இழுக்கும். நல்ல வயரில் பல்பு பளீரென்று எரியும், ஒரு இழை வயரில் மங்கும் அல்லது அந்த இழையே எரிந்து அறுந்துபோகும். இரண்டு முனையும், முக்கியமாகக் கண்ட்ரோலர் பக்கம், கழன்றிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

காயில் ஓம்ஸ் மட்டும் மீட்டரில் பார்க்கலாம். கொமட்சு பிசி200-8இல் பம்ப்பின் பிசி-இபிசி சோலினாய்டுக்கு 7 முதல் 14 ஓம், ஆன்-ஆஃப் ரக சோலினாய்டுகளுக்கு 20 முதல் 60 ஓம் என்று கணக்கு. மற்ற மிஷின்களுக்கு அவற்றின் புத்தகத்தைப் பாருங்கள். காயிலும் சரி, கரன்ட்டும் போகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்றால் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற தண்டு சிக்கியிருக்கிறது. அது ஆயில் சுத்தம் பற்றிய வேறு கதை.

சென்சார் சந்தேகத்துக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பம்ப் 1, பம்ப் 2 இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ரக சென்சார்தான் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டு இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோடு 1லிருந்து 2க்குப் போனால் சென்சார் கெட்டது. 1லேயே நின்றால் சென்சார் நல்லது, வயரைத் தேடுங்கள்.

கண்ட்ரோலர் நல்லதா என்று எலக்ட்ரீஷியனோடு வாக்குவாதம் வந்தால் கூலன்ட் சென்சார் மாதிரி இரண்டு வயர் உள்ள ஒரு வெப்ப சென்சாரில் நிரூபித்துக் காட்டலாம். அதன் கப்ளரைக் கழற்றினால் வோல்டேஜ் அதிகம் என்று 3இல் முடியும் கோடு வர வேண்டும். டயக்னாஸ்டிக் டூல் இருந்தால் வெப்பம் மைனஸ் 40 பக்கம் காட்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்தால் கோடு 4க்கு மாற வேண்டும், வெப்பம் உச்சத்துக்குப் போகும். இரண்டும் நடந்தால் கண்ட்ரோலரும் அதுவரை போகும் வயரும் உயிரோடு இருக்கின்றன என்று அந்த சர்க்யூட்டைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. இதை மூன்று வயர் சென்சாரில் செய்யாதீர்கள், சப்ளையையே ஷார்ட் அடித்துவிடுவீர்கள். 24 வோல்ட்டை எந்தச் சென்சார் பின்னிலும் தொட்டுவிடாதீர்கள், அதுவரை நன்றாக இருந்த பெட்டி அந்த நொடியில் போய்விடும்.

ஒருவேளை உங்கள் நான்கு கோடும் "கம்யூனிகேஷன்" வகையாக இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. கண்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைன் என்று முறுக்கிய இரண்டு வயர் ஓடும். பேட்டரி கட்ஆஃப் செய்துவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் உரசி ஒட்டியிருக்கின்றன. இதற்கு எலி ஒரு முக்கியக் காரணம். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த மிஷினில் கேபின் சீட்டுக்குப் பின்னால் முதலில் பாருங்கள்.

மழை விட்டுவிட்டது, கோளாறு வரமாட்டேன் என்கிறது என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது கப்ளர் கப்ளராக அடித்துப் பாருங்கள். ஒரு கப்ளருக்கு அடித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து அடுத்ததற்குப் போங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போக வேண்டாம். ஈரத்தில் கெடும் மிஷின் இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் இதைச் செய்தால் நல்ல கப்ளருக்குள்ளும் தண்ணீர் ஏறிவிடும். சர்வீஸ் முடிந்த மறுநாள் கோடு வருகிற மிஷின்களின் ரகசியமும் அதுதான்.

பக்கெட் பல், பூம் வெடிப்பு என்று சமீபத்தில் வெல்டிங் அடித்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். பேட்டரியையும் கண்ட்ரோலர் கப்ளர்களையும் கழற்றாமல், எர்த் கிளாம்ப்பை டிராக்கில் மாட்டி பூமில் வெல்டிங் அடித்திருந்தால், கரன்ட் எந்த வழியாகப் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நடந்திருந்தால் மட்டும், நான் மேலே கண்ட்ரோலருக்காக வாதாடியதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

நாளைக் காலை கோடு வந்ததும் நான்கின் கடைசி எண்ணையும், 5 வோல்ட் இடத்தில் வந்த ரீடிங்கையும் எழுதுங்கள். மாடலும் ஹவர் மீட்டரும் சேர்த்து எழுதினால், எந்தெந்த சென்சார் ஒரே சப்ளையில் தொங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.